பழைய தேக்கில் புதிய தக்கை: சுழல் கருவியால் மட்டம் வெட்டிய அனுபவம்

செட்டிநாட்டுப் பழைய வீட்டுக் கதவு ஒன்றைப் பழுதுபார்க்க இறக்கி, தூசி துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிறுத்தினால், அந்த வீட்டில் எண்பது நூறு ஆண்டுகளில் நடந்த மாற்றங்கள் அனைத்தும் துளைகளாக அதில் பதிந்திருப்பதைக் காணலாம். தோரணம் கட்ட அடித்த ஆணி, மின்சாரம் வந்தபோது மரச்சட்ட ஒயரிங்குக்காக முறுக்கிய திருகாணி, தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறிய நாதாங்கியும் பூட்டும், நாட்காட்டி தொங்கிய கொக்கி என ஒவ்வொன்றும் தன் தடத்தை விட்டிருக்கும். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இத்தகைய கதவுகளையும் பெட்டகங்களையும் ஊஞ்சல் பலகைகளையும் சீராக்கும் வேலையைச் செய்துவரும் எனக்கு, துளைகளை மரத்தக்கை கொண்டு அடைப்பதும், அடைத்த தக்கையின் தலையைப் பலகையோடு மட்டமாக வெட்டுவதும்தான் வேலையின் பெரும்பகுதி. அந்த இரண்டாவது படியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையடக்கச் சுழல் கருவியை, அதாவது பலரும் ட்ரெமல் என்றே அழைக்கும் ரோட்டரி டூலை, தக்கையை மட்டத்துக்கு மிக அருகில் கொண்டுவருவதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். பலகையைத் தொடும் கடைசி வெட்டை அதனிடம் விடக்கூடாது. பலகைக்கு மேலே ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் உயரத்தைக் கணக்குப் பார்த்து விட்டுவைத்து, அதை உளியாலும், மெல்லிய எஃகுத் தகடான சுரண்டு தகட்டாலும் எடுக்க வேண்டும். இந்த வரம்பைக் கடைப்பிடித்தால், வேறு எந்த ஆயுதமும் நுழையாத இடத்தில்கூட இந்தச் சிறிய கருவி பெரிய உதவி செய்கிறது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று புதிய பலகையில் வேலை செய்பவர்கள் கேட்கலாம். புதிய பலகையில் தக்கையைச் சுற்றிச் சற்றுக் கீறல் விழுந்தாலும், மொத்தப் பரப்பையும் ஒருமுறை இழைத்துவிட்டால் குறை மறைந்துவிடும். பழைய பர்மாத் தேக்கில் அந்த வழி அடைபட்டது. காற்றும் கைத்தொடுதலும் விளக்குப் புகையும் எண்ணெயும் சேர்ந்து அதன் மேற்பரப்பில் ஏற்றியிருக்கும் ஆழ்ந்த நிறம் மிக மெல்லியது. இழைப்புளி ஒருமுறை ஓடினால் கீழே வெளிறிய மரம் தெரிந்துவிடும். நகரத்தார் பர்மாவில் வணிகம் நடத்திய காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய அந்த மரத்துக்கு இணையானதை இன்று தேடி வாங்குவதும் எளிதன்று. 1942இல் ஜப்பானியப் படையெடுப்போடு அங்கிருந்த வாழ்வு முறிந்தது. மியன்மார் 2014 ஏப்ரல் முதல் உருண்டை மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே இருக்கும் மேற்பரப்பைக் காப்பதுதான் பழுதுபார்ப்பவரின் முதற்கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பள்ளத்தூரில் ஒரு வீட்டு ஆச்சி இதையே தம் பாணியில் சொன்னார்: “கதவு புதுசா மாற வேண்டாம் தம்பி, அந்த ஓட்டைக மட்டும் மறைஞ்சாப் போதும்.”

மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தால் வேலை விரைவில் முடியும் என்பது உண்மை. ஆனால் பசை ஏறிய தூள் பாலிஷை உறிஞ்சுவதில்லை. பூசி முடித்ததும் அந்த இடம் கறுத்தோ வெளிறியோ ஒரு பொட்டாக நிற்கும், சில ஆண்டுகளில் ஓரம் விட்டு உதிரவும் செய்யும். மிகச் சிறிய ஆணித்துளைக்கு மெழுகு போதும். அதைவிடப் பெரிய துளைக்கு அதே மரத்தில் செய்த தக்கையே நிற்கும்.

தக்கையை எப்படிச் செய்கிறோம் என்பது, பிறகு அதை எப்படி வெட்டப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. கடையில் கிடைக்கும் உருண்டைக் குச்சியைத் துண்டாக்கிச் சொருகினால், மேலே தெரிவது அதன் வெட்டுமுகம். அது பாலிஷை மிகுதியாகக் குடித்துச் சுற்றியுள்ள பலகையைவிடக் கருமையாகத் தெரியும். எனவே மரத்திலிருந்து வட்டத் தக்கையை வெட்டியெடுக்கும் முனையான பிளக் கட்டரைத் துளையிடும் இயந்திரத்தில் மாட்டி, பழைய பலகைத் துண்டின் முகப்பரப்பிலிருந்து தக்கையை எடுக்கிறேன். அப்போது தக்கையின் ரேகை படுக்கையாக ஓடும். பலகையின் ரேகையோடு அதைப் பொருத்திச் சொருகினால், வெட்டி முடித்த பிறகு தக்கை எது பலகை எது என்று தேட வேண்டியிருக்கும். நுனி சற்றுக் கூம்பியதாக வெட்டும் கட்டரே நல்லது, ஏனெனில் அடிக்க அடிக்கத் துளையின் வாயோரம் இறுகி, சுற்றுக்கோடு மறையும். இதற்காகவே, இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வரும் தேக்குத் துண்டுகளைக் கைப்பிடி அளவுள்ளதாக இருந்தாலும் எறியாமல் சேர்த்து வைக்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகளில் சேதமான கதவுச் சட்டங்கள் கிடைப்பதுண்டு. தக்கைக்கு அவற்றைவிடச் சிறந்த மரம் இல்லை.

துளையைச் சீர்செய்வதிலும் கவனம் வேண்டும். இரும்பாணி இருந்த துளையைச் சுற்றி, துருவும் மரத்தின் துவர்ப்பும் கலந்த கறுப்பு வளையம் இருக்கும். அந்த வளையம் முழுவதும் போகும் அளவுக்குத் துளையை அகலமாக்கினால்தான் தக்கை சுத்தமாகத் தோன்றும். பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் போதுமானதாக இருக்கிறது. நடுமுனை கொண்ட துளையிடும் பிட்டோ, வட்ட விளிம்பால் வெட்டும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டோ வாயோரத்தைப் பிய்க்காமல் வெட்டும். துளையிடுவதற்கு முன் காந்தத்தை மேலே நகர்த்திப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே ஒடிந்த ஆணி இருந்தால் பிட்டின் முனை அங்கேயே பாழாகும். அத்தகைய ஒடிந்த ஆணியைச் சுற்றியுள்ள மரத்தைச் சற்றே குடைந்து, குறட்டின் மூக்கு பிடிக்கும்படி செய்வதற்கும் இதே சுழல் கருவி எஃகைவிடக் கடினமான சிறிய கார்பைடு முனையோடு நன்றாக உதவுகிறது.

தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் துளையின் சுவரையும் தக்கையின் பக்கத்தையும் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கிறேன். பிறகு வெள்ளைப் பசையைத் துளையின் சுவரில் மட்டும் மெல்லியதாகத் தடவி, தக்கையின் ரேகையைப் பலகையின் ரேகையோடு நேர்ப்படுத்தி, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி இறக்குகிறேன். ஒலி மாறும் கணத்தில் நிறுத்திவிட வேண்டும்; அதற்குமேல் அடித்தால் மெல்லிய உட்பலகை பின்பக்கம் பிளக்கும். அடுத்து வருவது காத்திருத்தல். பசையில் உள்ள நீரை உறிஞ்சித் தக்கையும் துளையின் ஓரமும் வீங்கியிருக்கும் நேரத்தில் மட்டமாக வெட்டிவிட்டால், உலர்ந்த பிறகு தக்கை உள்வாங்கி, விரல் தடவினால் தெரியும் பள்ளமாகிவிடும். பங்குனி வெயிலாக இருந்தாலும் ஒரு முழுநாள் விட்டுவைக்கிறேன். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இரண்டு நாள்.

இனி வெட்டும் வேலைக்கு வருகிறேன். எங்கள் பகுதித் தச்சர்கள் இதற்கு வழிவழியாகப் பயன்படுத்துவது உளி. பலருக்கும் தோன்றும் முதல் எண்ணம், உளியைத் தக்கையின் அடியில் வைத்து ஒரே தட்டில் தலையை எடுத்துவிடலாம் என்பதுதான். படுக்கை ரேகையுள்ள தக்கையில் இது ஆபத்தானது, ஏனெனில் மரம் உளி காட்டும் வழியில் வெட்டுப்படாமல் தன் நாரின் வழியில் பிளக்கும். நார் உள்நோக்கிச் சரிந்திருந்தால் பிளவு பலகையின் மட்டத்துக்குக் கீழே இறங்கி, தக்கையைப் பிடுங்கிவிட்டு மறுபடி துளையிட வேண்டியதாகிவிடும். தேர்ந்த கைகள் முதலில் மிக உயரத்தில் ஒரு சிறு செதில் எடுத்துப் பார்த்து, பிளவு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்பப் பக்கம் மாறி, படிப்படியாக இறங்கும். ஒரு பக்கத்தில் பற்களை வெளியே வளைத்து வைக்காத மட்ட ரம்பமும் நல்ல கருவியே. நடுவில் துளையிட்ட விசிட்டிங் கார்டு ஒன்றைத் தக்கையைச் சுற்றி மாட்டி அறுத்தால், ரம்பம் பலகையைக் கீறாது. விரிந்த மேசைப் பலகையில் இந்த இரண்டையும் வைத்தே வேலையை முடிக்கலாம், சுழல் கருவிக்கு அங்கே தேவையே இல்லை என்பது என் கருத்து. மேசை முழுவதும் தக்கைகள் நிறைந்திருந்தால் தச்சர்கள் வைத்திருக்கும், சுழலும் பிட்டால் ஓரம் வெட்டும் டிரிம்மர் இயந்திரம் இன்னும் வேகமானது.

சிக்கல் தொடங்குவது செட்டிநாட்டுக் கதவின் அமைப்பில். அதன் உட்பலகைகள் சட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும்; சுற்றிலும் வரிவரியாக மேடு கட்டிய கோடுகளும், சில கதவுகளில் இலைக்கொடி வேலையும் ஓடும். அந்தத் தாழ்வான பகுதியில் தக்கை விழுந்தால் ரம்பத்தைப் படுக்க வைக்க இடம் இருக்காது. உளியின் பிடி சட்டத்தில் இடித்து, உளி தூக்கலாகவே நிற்கும். டிரிம்மரின் அடித்தட்டு உள்ளே நுழையவே நுழையாது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் இரட்டைக் கதவு முழுவதிலும் இப்படிப்பட்ட இடங்களில் துளைகள் இருந்தபோதுதான், அதுவரை சிற்ப வேலையைத் துப்புரவாக்க மட்டும் வைத்திருந்த சுழல் கருவியை இந்த வேலைக்கு நான் முறையாகப் பழக்கினேன்.

ஆல்பர்ட் ட்ரெமெல் அமெரிக்காவின் ராசின் நகரில் 1932இல் தொடங்கிய நிறுவனத்தால் பெயர் பெற்ற இந்த வகைக் கருவி, இன்று பல நிறுவனங்களின் பெயரில் பல விலைகளில் கிடைக்கிறது. நிமிடத்துக்கு ஐயாயிரம் முதல் முப்பத்தையாயிரம் சுற்றுவரை வேகத்தை மாற்றலாம். பெரும்பாலான முனைகளின் தண்டு 3.2 மில்லிமீட்டர். இதன் வலிமை வேகத்தில் இருக்கிறதே தவிர விசையில் இல்லை. அழுத்தினால் சுழற்சி தளர்ந்து, வெட்டுவது நின்று, தேய்ப்பது தொடங்கி, மரம் கருகும். தக்கை வெட்டுவதற்கு இது பொருந்துவதற்கான காரணமும் அந்த வேகத்திலேயே இருக்கிறது: மிகச் சிறிய செதில்களாக, நாரின் போக்கைப் பொருட்படுத்தாமல் பக்கவாட்டில் அரிந்து செல்வதால், உளியில் ஏற்படும் பிளவு இங்கே ஏற்படுவதில்லை.

எந்த முனையை மாட்டுவது என்பதில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். கருவியோடு வரும் உப்புத்தாள் உருளையைக் கையில் பிடித்துத் தக்கையின் தலையைத் தேய்ப்பது எளிதாகத் தெரியும். ஆனால் உருளையின் விளிம்பு தக்கையைச் சுற்றியுள்ள பலகையில் பிறை வடிவப் பள்ளங்களைத் தோண்டிவிடும், அவை பாலிஷ் பூசியபின் விளக்கொளியில் பளிச்சென்று தெரியும். மெல்லிய அறுப்பு வட்டைப் படுக்க வைத்து அறுக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தத் தேய்ப்பு வட்டுகள் உலோகத்துக்கானவை. மரத்தில் அவை வெட்டாமல் எரிக்கும், பக்கவாட்டில் வளைந்தால் உடைந்து தெறிக்கும். மரத்துக்கான பல் வைத்த வட்டுகளைக் காப்பு உறையில்லாமல் கையில் பிடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். தக்கைக்கு ஏற்றது, அடிப்பக்கம் தட்டையாகவும் அடியிலும் வெட்டக்கூடியதாகவும் உள்ள நேரான ரவுட்டர் பிட், அதாவது சுழன்று பக்கவாட்டில் மரத்தை அரியும் முனை. தேக்கில் உள்ள சிலிக்கா சாதாரண எஃகின் கூர்மையை விரைவில் மழுக்கிவிடும் என்பதால், விலை கூடினாலும் கார்பைடு பிட்டையே வாங்குங்கள்.

அந்தப் பிட்டை வெறுங்கையில் பிடித்து மட்டம் பார்ப்பது யாராலும் இயலாது. கருவியை நிமிர்த்தி நிறுத்தும் அடித்தட்டு ஒன்று வேண்டும். கருவியோடு விற்கும் ரவுட்டர் தாங்கியின் அடித்தட்டில் உள்ள திறப்பு சிறிது. தக்கையின் தலை அதில் இடிக்கும். ஆகவே 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தெளிவான அக்ரிலிக் தகட்டில் புதிய அடித்தட்டு ஒன்றை வெட்டித் தாங்கியில் திருகிக்கொண்டேன். நடுத்துளையின் அளவை ஊகத்தில் வைக்கக்கூடாது. பிட் தக்கையின் ஒரு பக்கத்தில் தொடாமல் நிற்கும்போது முழுத்தக்கையும் துளைக்குள் அடங்க வேண்டும், மறுபக்கம் சென்றபோதும் அடங்க வேண்டும். 3.2 மில்லிமீட்டர் பிட்டுக்கும் 10 மில்லிமீட்டர் தக்கைக்கும் நடுத்துளையின் ஆரம் குறைந்தது 12 மில்லிமீட்டர் தேவை. சற்று விளையாட இடம் விட்டு, 30 மில்லிமீட்டர் குறுக்களவில் வெட்டினேன். தட்டின் அகலம் 100 மில்லிமீட்டர் சுமாருக்கு இருந்தால் ஆட்டம் காணாமல் உட்காரும். கதவின் உட்பலகை குறுகலாக இருந்தால் தட்டின் ஒரு பக்கத்தைச் சட்டத்தின் ஓரத்துக்கு ஏற்ப அறுத்துவிடலாம். தட்டின் அடிப்பரப்பு பழைய மெருகின்மேல் நகரப்போகிறது என்பதால், அங்கே வழவழப்பான டேப் ஒட்டி வைக்கிறேன்.

உயரத்தை அமைப்பதற்கு அளவுகோல் வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டின்மேல் தாங்கியை நிறுத்தி, பிட்டுக்கு நேர்கீழே சாதாரண ஏ4 தாளை நான்காக மடித்து வைக்கிறேன். 75 கிராம் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், நான்கு அடுக்கு 0.4 மில்லிமீட்டர். பிட்டின் முனை தாளைத் தொட்டதும் பூட்டிவிட்டு, தாளை இழுத்துப் பார்த்தால் சற்று உரசிக்கொண்டு வர வேண்டும். நான்கு தாள் எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்பார்கள். பழைய பலகை எதுவும் கண்ணாடிபோல் சமமாக இருப்பதில்லை. மேடான இடத்தில் தட்டு ஒருபக்கம் சாயும்போது பிட்டின் முனை சிறிது இறங்கும். கைகளின் அழுத்தத்தில் அக்ரிலிக் தட்டு சற்று வளையும். எல்லாவற்றையும்விட, அதிர்வில் பிட் அதன் கவ்வியிலிருந்து மயிரிழை மயிரிழையாகக் கீழே நழுவக்கூடும். இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்தாலும் பலகை தப்பிக்க வேண்டும் என்பதற்கான இடைவெளியே அந்த 0.4. கவ்வியை நன்றாக இறுக்கி, சில தக்கைகளுக்கு ஒருமுறை கண்ணாடியின்மேல் வைத்து மீண்டும் தாள் சோதனை செய்வது இதன் தொடர்ச்சி.

தக்கையின் தலை பலகைக்கு மேலே 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருந்தால் வேலை இலகுவாகும். அதற்கு மேல் நீட்டியிருப்பதைச் சிறு ரம்பத்தாலோ குறுக்குவெட்டுக் குறட்டாலோ முன்பே குறைத்துவிடலாம். பிறகு பிட் தக்கையைத் தொடாத நிலையில் தட்டைப் பலகையில் வைத்து, இரு கைகளாலும் தட்டைப் பலகையோடு அணைத்துப் பிடித்துக்கொண்ட பின்னரே கருவியை ஓடவிட வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது பிட் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. ஆகவே தக்கையைச் சுற்றிப் பிட்டைக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் நகர்த்த வேண்டும். அப்போது மரம் பிட்டை எதிர்த்து நிற்பதால் கருவி நம் கட்டுப்பாட்டில் இருக்கும். மாறான திசையில் சென்றால் பிட் மரத்தைக் கவ்வி ஏறி, தட்டையும் இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும்; கோடு வேலை அருகில் இருக்கும் இடத்தில் அந்த ஓட்டம் சிற்பத்தில்தான் போய் முட்டும். முதலில் விளிம்பைச் சுற்றிலும் சிறிது சிறிதாக அரிந்துவிட்டு, நடுவை இறுதியில் எடுப்பது என் முறை. நடுவில் தொடங்கி வெளியே போனால், பிட் வெளியேறும் பக்கத்தில் ஆதரவில்லாத நார்கள் கீழ்நோக்கிப் பிய்ந்துவிட வாய்ப்புண்டு.

வேகத்தை இருபதாயிரத்தை ஒட்டி வைக்கிறேன். கருகல் மணம் வந்தால், வேகம் கூடிவிட்டது அல்லது நகர்த்துவது மெதுவாகிவிட்டது அல்லது பிட் மழுங்கிவிட்டது என்று பொருள். மூன்றையும் அந்த வரிசையிலேயே சோதிக்கலாம். ஒவ்வொரு தக்கை முடிந்ததும் கருவியை நிறுத்தி, சுழற்சி முழுவதும் ஓய்ந்த பிறகே தூக்கி, செதிலைத் தூரிகையால் தள்ளிவிட வேண்டும். செதில் தட்டுக்கு அடியில் சிக்கினால் வெட்டு உயரம் மாறுவதோடு மெருகிலும் கோடு விழும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் விட்டுவிட முடியாது. தேக்குத் தூள் தோலையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. சுழல் கருவி எழுப்பும் தூள் மிக நுண்ணியது, முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு வேலை செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தக் கருவியைத் தொடும் முன் அந்தத் துண்டை எடுத்து வைத்துவிட வேண்டும், வேட்டியின் நுனியையும் செருகிக்கொள்ள வேண்டும்.

இப்போது தக்கை, நான்கு தாள் உயரத்தில் ஒரு சிறிய வட்ட மேடையாக நிற்கும். அதைச் சுற்றி மெல்லிய செலோ டேப் ஒட்டிக்கொள்கிறேன். இருபது இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள, முதுகு தட்டையாகத் தீட்டிய உளியை, அதன் முதுகு பலகையில் படியும்படி வைத்து, தட்டாமல், கைவிசையால் மட்டும் சாய்வாக வழுக்கிச் செல்லும்படி தள்ள வேண்டும். எடுக்க வேண்டிய மரம் இவ்வளவு மெல்லியதாக இருப்பதால், நார் எதிராக ஓடினாலும் ஆழமாகப் பிளக்க அதற்கு வலுவில்லை. இந்த நிலையை உண்டாக்கித் தருவதே சுழல் கருவி செய்த தொண்டு. உளியின் பிடி இடிக்கும் மிகக் குறுகிய இடங்களில் முழு உளியும் நுழையாது. அங்கே சுரண்டு தகட்டின் ஒரு சிறு துண்டை விரல்களால் வளைத்துப் பிடித்துச் சுரண்டுகிறேன். இறுதியாக டேப்பை எடுத்துவிட்டு, விரல் நுனி அளவு மரக்கட்டையில் சுற்றிய 320 எண் உப்புத்தாளால் தக்கையை மட்டும் ஓரிரு முறை நீவினால் போதும்.

மட்டமாகிவிட்டதா என்பதைக் கண்ணைக்கொண்டு முடிவு செய்வதில்லை. தேவகோட்டையில் நான் வேலை பழகிய முதிய ஆசாரி, கண்ணை மூடிக்கொண்டு நடுவிரலால் குறுக்கே தடவிப் பார்ப்பார். “மெஷினு ஒசரத்தக் கொறைக்கும் தம்பி, மட்டத்த வெரலுதான் சொல்லணும்” என்பது அவருடைய வழக்கமான சொல். நிறமும் ரேகையும் கண்ணை ஏமாற்றும். விரல், மேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். வெட்டிய தக்கையின் முகம் புதிய மரம் என்பதால் சற்று வெளிறியே இருக்கும். வெளிச்சம் பட்டுத் தேக்கு தானே நிறம் ஏறும் மரம்; ஆகவே நீர்த்த சாயத்தை நுண்தூரிகையால் தக்கைமேல் மட்டும் ஒருமுறை தொட்டுவிட்டு, அரக்குப் பாலிஷால் மூடிவிடுகிறேன். இன்றைக்கே முழு நிறமும் பொருந்த வேண்டும் என்று சாயத்தைக் கூட்டினால், சில மாதங்களில் தக்கை பலகையைவிடக் கறுத்துவிடும்.

திண்ணைத் தூண்களைப் பற்றியும் ஒரு சொல், ஏனெனில் இந்த ஊர் வேலையில் அது தவிர்க்க முடியாதது. உருண்டைத் தூணில் தட்டையான அடித்தட்டு உட்காராது என்று எண்ணி, பலர் உப்புத்தாள் உருளையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக அடித்தட்டின் கீழே, நடுத்துளையின் இருபுறமும், ஒரே உயரமுள்ள இரண்டு மரச் சட்டங்களை இணையாக ஒட்டி, அவை தூணின் நீளவாக்கில் படியும்படி வைக்கலாம். தக்கை இரண்டுக்கும் நடுவில், வளைவின் உச்சியில் வர வேண்டும். பிட்டின் உயரத்தை இங்கே கண்ணாடியில் அமைக்காமல், தூணின் உச்சியிலேயே நான்கு மடிப்புத் தாளை வைத்து அமைக்க வேண்டும். 300 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தூணில், 10 மில்லிமீட்டர் தக்கையின் நடுவுக்கும் அந்த வளைவின் ஓரத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. 150 மில்லிமீட்டர் தூணிலும் அது 0.2 மில்லிமீட்டரைத் தாண்டாது. நான்கு தாள் இடைவெளியில் தட்டையாக வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சுரண்டு தகட்டால் வளைவுக்கு ஏற்ப எடுத்தால் தூணின் உருட்சி கெடாது. இரண்டாவது ஆள் ஒருவர் தட்டை இருபக்கமும் பிடித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நிற்கும் தூணில் கருவியின் எடை முழுவதும் ஒரு கையில் விழும்.

வேலை முடித்துக் கொடுத்த வீட்டுக்கு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு ஒருமுறை சென்று தக்கைகளை விரலால் தடவிப் பார்க்கிறேன். மழைக்காலத்தில் மரம் ஊறித் தணிந்த பின், அரிதாகச் சில தக்கைகள் தாள் தடிமனில் பாதியளவு எழும்பி நிற்கும், குறிப்பாகக் கிழக்கு முகப்பில் சாரல் படும் கதவுகளில். டேப் ஒட்டி, சுரண்டு தகட்டால் இரண்டு இழுப்பு இழுத்து, அரக்குப் பாலிஷ் ஒரு தொடுகை வைத்தால் அது சரியாகிவிடுகிறது. சுழல் கருவியை அந்த வேலைக்குப் பையிலிருந்து எடுப்பதில்லை.